எறிகல்லின் பாதை கண்டவர்

ஒருவன் கல்லொன்றை எடுத்து வீசுகிறான். கை கல்லை விட்டுவிடுகிறது. ஆயினும் கல் மேலே செல்கிறது, வளைகிறது, தரையில் வந்து விழுகிறது. கையை நீங்கிய பின்னரும் அதைக் கொண்டு செல்வது எது? வேட்டையாடி வாழ்ந்த நாள் முதலே மனிதன் கல்லும் அம்பும் எறிந்து வந்திருக்கிறான். எனினும் இவ்வினாவுக்குத் தக்க விடை பதினேழாம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. அவ்விடையைக் கண்டவர் இத்தாலி நாட்டின் கலிலியோ கலிலி.

தொலைநோக்கியால் வானை ஆராய்ந்தவர் என்றும், பூமி சுழல்கிறது என்றதற்காகத் தண்டிக்கப்பட்டவர் என்றும் உலகம் அவரை அறியும். அந்தப் புகழின் வெளிச்சத்தில், எறிபொருளின் பாதையை வரைந்து காட்டியவர் என்ற சிறப்பு சற்றே மறைந்துபோயிற்று. அவரோ இளமையில் தொடங்கி, இடையில் விட்டு, முதுமையில் மீண்டும் பற்றிக்கொண்டது இந்த ஆய்வையே. 1608 வாக்கில் ஒரு தாளில் அவர் குறித்துவைத்த உண்மை நூலாக அச்சேற முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த முப்பது ஆண்டுகளில் அவர் பெற்றவையும் இழந்தவையும் பல.

இசைவாணரின் மைந்தர்

கலிலியோ 1564ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பீசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ கலிலி யாழ் போன்ற 'லூட்' என்னும் கருவியை வாசிப்பதில் வல்லவர், இசையிலக்கணம் எழுதியவர். நரம்பில் தொங்கும் எடையை இரு மடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்று பழைய நூல்கள் வழிவழியாகக் கூறி வந்தன. வின்சென்சோ நரம்பைக் கட்டி, எடையைத் தொங்கவிட்டு, காதால் கேட்டுப் பார்த்தார். நான்கு மடங்கு எடை வேண்டியிருந்தது. நூல் சொல்வதைச் செய்து பார்த்தே ஏற்கவேண்டும் என்ற பாடத்தை மைந்தர் தம் இல்லத்திலேயே கற்றார் எனலாம்.

தந்தையின் விருப்பப்படி 1581இல் பீசாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். ஆனால் அரசவைக் கணித அறிஞரான ஓஸ்டிலியோ ரிச்சியிடம் யூக்ளிடின் வடிவியலைக் கேட்டபின் மருத்துவத்தில் அவர் மனம் செல்லவில்லை. 1585இல் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

கவிதைக்கும் அவருக்கும் இருந்த உறவு இங்கே குறிப்பிடத்தக்கது. 1588ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரக் கழகத்தில் அவர் ஆற்றிய இரண்டு சொற்பொழிவுகளும் தாந்தேயின் நரகத்தைப் பற்றியவை. கவிஞர் காட்டிய நரகத்தின் வடிவமும் இருப்பிடமும் அளவும் யாவை என்று வடிவியல் கொண்டு அவர் விளக்கினார். அரியோஸ்டோவின் காப்பியத்தில் தோய்ந்து கிடந்தார். தாஸோவின் காப்பியத்தைக் குறை கண்டு திறனாய்வுக் குறிப்புகள் எழுதினார். 1589இல் பீசாவில் ஆண்டுக்கு அறுபது ஸ்கூடி ஊதியத்தில் கணிதப் பேராசிரியராக அமர்ந்தபோது, பேராசிரியர்கள் எந்நேரமும் நீள அங்கி அணிந்தே திரிய வேண்டும் என்ற விதியை எள்ளி, தாந்தே கையாண்ட யாப்பிலேயே ஓர் அங்கதப் பாட்டும் புனைந்தார்.

பீசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து அவர் உருண்டைகளைப் போட்டுக் காட்டினார் என்ற கதை அவருடைய மாணவர் விவியானி எழுதிய வரலாற்றின் வழியே பரவியது. கலிலியோவின் எழுத்தில் அந்நிகழ்ச்சி பற்றிய பேச்சே இல்லை. அவருடைய உண்மையான சோதனைகள் கோபுரத்தின் உச்சியில் நடக்கவில்லை. ஒரு வீட்டுப் பட்டறையில் நடந்தன.

முன்னோர் கொண்ட கருத்து

1592இல் வெனிஸ் குடியரசுக்கு உட்பட்ட பதுவா நகரின் பல்கலைக்கழகத்துக்கு வந்த கலிலியோ அங்கே பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினார். தந்தை முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். தங்கைமார் தம்பியர் என்ற வேறுபாடின்றி உடன்பிறந்தார் சுமை முழுதும் மூத்த மகனான அவர் தோளில் விழுந்தது. தங்கையின் சீர்ப்பணத்துக்காகக் கடன்பட்டார். மாரினா கம்பா என்ற பெண்மணியின் வழியே அவருக்கு இரு பெண்மக்களும் ஒரு மகனும் பிறந்தனர். பல்கலைக்கழக ஊதியம் போதாமையால் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துப் பாடம் சொன்னார். மாட்சொலேனி என்ற கைவினைஞரை வீட்டிலேயே அமர்த்தி, பீரங்கிப் படையினருக்குப் பயன்படும் அளவுகருவிகளைச் செய்து விற்றார். போர்க்கலை பயில வந்த இளைஞர்கள் அவரிடம் கேட்ட கேள்விகளுள் முதன்மையானது, பீரங்கிக் குண்டு எவ்வழியே செல்கிறது என்பது.

அந்நாளில் அதற்கு மூவகை விடைகள் இருந்தன. அரிஸ்டாட்டிலின் கொள்கைப்படி, தள்ளுவோன் இல்லாமல் எப்பொருளும் நகராது. கையை விட்ட கல்லைச் சூழ்ந்துள்ள காற்றே தள்ளிச் செல்கிறது. பிற்காலத்தார் சிலர் இதை மறுத்து, எறிபவன் கல்லுக்குள் ஓர் உந்துதலைப் பதிக்கிறான் என்றும், அது தீரத் தீரக் கல் தளர்ந்து விழுகிறது என்றும் கூறினர். 1537இல் 'புதிய அறிவியல்' என்ற நூலை எழுதிய தார்த்தாலியா, குண்டு முதலில் நேர்கோட்டிலும், இடையில் வட்டத்தின் ஒரு வில்லிலும், இறுதியில் நேர் கீழாகவும் செல்வதாக வரைந்தார். நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் சுட்டால் குண்டு மிகுதொலைவு செல்லும் என்பதையும் அவர் கூறினார். அதற்கு நிறைவான நிறுவல் தர அவரால் இயலவில்லை.

இவ்விடைகளுக்கெல்லாம் அடியில் ஒரே நம்பிக்கை கிடந்தது. இயக்கம் நீடிக்க வேண்டுமானால் விசை நீடிக்க வேண்டும் என்பதே அது. இழுத்தால் நகரும், விட்டால் நிற்கும் வண்டியைக் கண்ட எவருக்கும் இது இயல்பாகவே தோன்றும்.

சாய்ந்த பலகை

நேராக விழும் பொருளின் வேகத்தை அளக்க அக்காலத்தில் கருவி இல்லை. ஆகவே கலிலியோ விழுதலை மெதுவாக்கினார். பன்னிரண்டு முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் நேரான பள்ளம் வெட்டி, வழவழப்பான தோல்தாளை அதில் ஒட்டி, சட்டத்தை ஒருபுறம் உயர்த்தி, நன்கு மெருகிட்ட வெண்கல உருண்டையை உருளவிட்டார். காலத்தை அளக்கப் பெரிய நீர்க்கலம் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் அடியில் பொருத்திய சிறு குழாயின் வழி ஒழுகிய நீரைத் துலாக்கோலில் நிறுத்தார். நூறு முறை செய்து பார்த்தும் முடிவு மாறவில்லை.

முதல் நொடிப்பொழுதில் உருண்டை ஒரு பங்கு தொலைவு சென்றால், அடுத்த அதே அளவு பொழுதில் மூன்று பங்கும், அதற்கடுத்து ஐந்தும், பின் ஏழுமாகச் சென்றது. கூட்டிப் பார்த்தால் ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு. அதாவது தொலைவு காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1604இல் நண்பர் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் இவ்விதியைக் கூறிய கலிலியோ, அதற்குத் தவறான காரணத்தைக் காட்டினார். வேகம் கடந்த தொலைவுக்கேற்ப வளர்வதாக அப்போது கருதினார். அது கழிந்த காலத்துக்கேற்பவே வளர்கிறது என்று தெளிய அவருக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

அதே பலகை இன்னொன்றையும் கற்பித்தது. இறங்கும் சரிவில் உருண்டையின் வேகம் கூடுகிறது. ஏறும் சரிவில் குறைகிறது. ஏற்றமும் இறக்கமும் அற்ற சமதளத்தில் என்ன ஆகும்? கூடவும் காரணமில்லை, குறையவும் காரணமில்லை. தடை ஏதும் இல்லையெனில் உருண்டை அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி நிற்பது விசை தீர்ந்ததால் என்ற பழைய நம்பிக்கை இங்கே உடைந்தது. வண்டியை நிறுத்துவது உராய்வு என்ற மற்றொரு விசை. இயக்கம் நீடிக்க விசை வேண்டியதில்லை. இயக்கம் மாறுவதற்கே விசை வேண்டும்.

ஒரு தாளில் சில எண்கள்

புளோரன்ஸ் தேசிய நடுவண் நூலகத்தில் கலிலியோவின் கையெழுத்துத் தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் 116 என்று எண்ணிட்ட தாளின் பின்புறத்தில் ஒரு மேசையும், அதன் விளிம்பிலிருந்து கீழிறங்கும் வளைகோடுகளும், அருகே சில எண்களும் காணப்படுகின்றன. கனடாவில் பணியாற்றிய வரலாற்றறிஞர் ஸ்டில்மன் டிரேக் 1973இல் இத்தாளை வெளியிட்டு விளக்கியபோதுதான் அதன் அருமையை உலகம் அறிந்தது.

மேசையின் உயரம் 828 புள்ளி; ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேசைமேல் வைத்த சரிவில் 300 புள்ளி உயரத்திலிருந்து உருண்டு வந்த குண்டு, விளிம்பைத் தாண்டித் தரையில் 800 புள்ளி தள்ளி விழுந்தது. உயரத்தை 600 ஆக்கினால் 1131 புள்ளியில் விழ வேண்டும் என்று கலிலியோ கணக்கிட்டார், 1172இல் விழுந்தது. 1000 புள்ளி உயரத்துக்கு 1460 என்று கணக்கு சொன்னது. 1500 என்று தரை சொன்னது. கணக்கையும் கண்டதையும் வேறுபாட்டோடு அருகருகே எழுதி வைத்தார் அவர்.

மேசை விளிம்பைத் தாண்டிய குண்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இயக்கங்கள் உண்டு என்பதே இத்தாளின் பொருள். கிடைத்திசையில் அதைத் தள்ளும் விசை எதுவும் இல்லை. எனவே சம காலங்களில் சம தொலைவு செல்கிறது. செங்குத்தாக அதன் எடை கீழே இழுக்கிறது. எனவே ஒன்று, நான்கு, ஒன்பது என்ற கணக்கில் இறங்குகிறது. ஒன்று மற்றொன்றுக்கு இடையூறு செய்வதில்லை. மேசையிலிருந்து தட்டிவிடப்பட்ட குண்டும், அதே கணத்தில் அதே உயரத்திலிருந்து நழுவவிடப்பட்ட குண்டும் ஒருசேரத் தரையைத் தொடும். இவ்விரண்டு இயக்கங்களும் சேர்ந்து வரையும் கோடு பரவளையம். கூம்பை வெட்டினால் கிடைக்கும் வளைகோடுகளுள் ஒன்றாக அபொலோனியஸ் முதலிய கிரேக்கர் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை ஆராய்ந்திருந்தனர். எறிந்த கல் ஒவ்வொன்றும் அக்கோட்டையே வானில் வரைகிறது என்று எவரும் அறிந்திருக்கவில்லை.

வானம் அழைத்தது

இதை நூலாக்க வேண்டிய தருணத்தில் தொலைநோக்கி குறுக்கிட்டது. 1609இல் அக்கருவியைத் தாமே செம்மைப்படுத்திய கலிலியோ, 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைக் கண்டார். புகழ் பெருகியது. டஸ்கனிப் பெருங்கோமகனின் அவைக் கணித அறிஞராகவும் தத்துவ அறிஞராகவும் புளோரன்சுக்குத் திரும்பினார். இயக்கம் பற்றிய தாள்கள் கட்டி வைக்கப்பட்டன.

எனினும் எறிபொருள் அவரை விடவில்லை. பூமி சுழல்வதை மறுத்தவர்கள் கல்லையும் குண்டையுமே சான்றாகக் கொண்டுவந்தனர். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதானால், கோபுரத்திலிருந்து விட்ட கல் மேற்கே விலகி விழ வேண்டும். கிழக்கே சுட்ட குண்டும் மேற்கே சுட்ட குண்டும் வெவ்வேறு தொலைவு செல்ல வேண்டும் என்றனர். 1632இல் வெளியான, இருபெரும் உலக அமைப்புகள் பற்றிய தம் உரையாடல் நூலில் கலிலியோ இதற்கு விடை தந்தார். ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து விழும் கல் மரத்தின் அடியிலேயே விழும். கப்பலின் இயக்கம் கல்லுக்கும் உண்டு. கையை விட்டதால் அது அழிந்துவிடுவதில்லை. 1640இல் பிரெஞ்சு அறிஞர் கசெந்தி மார்செய் துறைமுகத்தில் கப்பலை ஓட்டி இதைச் செய்தே காட்டினார். பதுவாவின் பட்டறையில் கண்ட உண்மையே பூமியின் சுழற்சிக்கும் அரணாக நின்றது.

அந்நூலே அவரை வழக்குமன்றத்தில் நிறுத்தியது. 1632ஆம் ஆண்டின் அதே மாதங்களில் மற்றோர் இடியும் விழுந்தது. கணித அறிஞர் கவலியேரி எரிக்கும் ஆடிகளைப் பற்றி எழுதிய நூலில், எறிபொருளின் பாதை பரவளையம் என்பதை வெளியிட்டுவிட்டார். அது கலிலியோவின் கண்டுபிடிப்பு எல்லாரும் அறிந்ததே என்று அவர் எண்ணியிருந்தார். நாற்பது ஆண்டு உழைப்பின் முதற்பயன் பிறர் நூலில் முதலில் ஏறியதைக் கண்டு கலிலியோ மனம் வெதும்பினார். கவலியேரி பணிவோடு விளக்கம் எழுதியபின் பிணக்கு தீர்ந்தது.

1633 ஜூன் 22ஆம் நாள், உரோமில் ஒரு துறவியர் மடத்தில், அறுபத்தொன்பது வயதுக் கலிலியோ மண்டியிட்டுத் தம் கருத்தை மறுத்துரைத்தார். நூல் தடை செய்யப்பட்டது. அவர் காவலுக்கு உள்ளானார். தீர்ப்பு வழங்க அமர்ந்த பத்துக் கர்தினால்களுள் எழுவரே அதில் ஒப்பமிட்டனர்.

அர்செத்ரியின் கைதி

தண்டனைக்குப்பின் சில மாதங்கள் சியன்னா நகரப் பேராயர் பிக்கொலோமினியின் இல்லத்தில் தங்கவைக்கப்பட்டார். உடைந்துபோய் வந்த முதியவரைப் பேராயர் விருந்தினராகவே நடத்தினார். அங்கேதான் கலிலியோ வானை விட்டு, மண்ணில் உருளும் உருண்டைகளிடம் மீண்டார். இருபத்தைந்து ஆண்டுப் பழைய தாள்களின் பொருள் மீண்டும் எழுத்தாகத் தொடங்கியது.

1633 டிசம்பரில் புளோரன்சுக்கு அருகே அர்செத்ரியில் இருந்த தம் இல்லத்துக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. நடந்து செல்லும் தொலைவில் இருந்த மடத்தில் அவருடைய மூத்த மகள் வர்ஜீனியா, மரியா செலஸ்தே என்ற பெயரில் துறவியாக இருந்தார். தந்தையின் ஆடைகளைத் தைத்தும், கையெழுத்துப் படிகளை எழுதியும், வழக்கு நடந்த நாளில் வீட்டைப் பேணியும் வந்தவர் அவர். வாரந்தோறும் ஏழு திருப்பாடல்களை ஓதவேண்டும் என்று தந்தைக்கு விதித்த கழுவாயையும் தாமே ஏற்றுக்கொண்டார். அவர் எழுதிய கடிதங்கள் 124 கிடைத்துள்ளன; தந்தை எழுதிய விடைகள் ஒன்றுகூட எஞ்சவில்லை. கலிலியோ வந்து சேர்ந்த நான்கு மாதத்துக்குள், 1634 ஏப்ரல் 2ஆம் நாள், முப்பத்து மூன்று வயதில் அம்மகள் மறைந்தார்.

அந்தத் துயரத்தின் நடுவே எழுதி முடிக்கப்பட்டதே 'இரு புதிய அறிவியல்கள்'. நால்வகை நாள்களாகப் பகுக்கப்பட்ட உரையாடல் அது. முதல் இரு நாள்கள் பொருள்களின் வலிமை பற்றியும், மூன்றாம் நாள் விழும் பொருள் பற்றியும், நான்காம் நாள் எறிபொருள் பற்றியும் பேசுகின்றன. முறையான தேற்றங்கள் இலத்தீனில் அமைய, அவற்றைச் சுற்றிய உரையாடல் மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் இயல்கிறது. பேசுவோர் சல்வியாத்தி, சக்ரேதோ, சிம்பிளிச்சியோ என்ற மூவர். முதல் இருவரும் கலிலியோவின் உயிர் நண்பர்கள். ஒருவர் 1614இலும் மற்றவர் 1620இலும் இறந்தவர்கள். எவரையும் தடையின்றிக் கண்டு பேச இயலாத கைதி, மாண்ட நண்பர்களைத் தம் ஏட்டில் எழுப்பிப் பேசவைத்தார்.

அவருடைய எந்நூலையும் அச்சிடலாகாது என்ற தடை இருந்தமையால் வெனிசில் அச்சிடும் முயற்சி பலிக்கவில்லை. ஆலந்து நாட்டுப் பதிப்பாளர் லூயி எல்செவியர் 1636இல் அர்செத்ரிக்கு நேரில் வந்து ஏற்பாடு செய்தார். கையெழுத்துப்படி பகுதி பகுதியாக எல்லை கடந்தது. தமக்குத் தெரியாமலே நூல் அச்சாகிவிட்டது போன்ற தோற்றத்தைக் கலிலியோ காணிக்கையுரையில் உண்டாக்கினார். 1638இல் லைடன் நகரில் நூல் வெளிவந்தது. ஆனால் 1637 இறுதிக்குள் அவர் இரு கண்களின் ஒளியையும் இழந்துவிட்டார். தம் வாழ்நாள் நூலின் ஒரு பக்கத்தைக்கூட அவர் படித்துப் பார்க்கவில்லை.

காற்று என்னும் தடை

நான்காம் நாளில் நாற்பத்தைந்து பாகையே மிகுதொலைவு தரும் என்பது நிறுவப்பட்டது. அதற்குச் சம அளவு மேலும் கீழும் உள்ள கோணங்கள், எடுத்துக்காட்டாக நாற்பதும் ஐம்பதும், ஒரே தொலைவைத் தரும் என்ற வியப்பான முடிவும் அதில் உண்டு. படைவீரன் பட்டறிவால் அறிந்ததை அறிஞர் காரணத்தோடு அறிவித்தார். எவரும் கண்டிராததையும் சேர்த்தே அறிவித்தார்.

தம் பரவளையம் முழு உண்மையன்று என்பதையும் கலிலியோ மறைக்கவில்லை. காற்று என்ற விசை எறிபொருளை எதிர்க்கிறது. வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுகிறது. மிக உயரத்திலிருந்து விழும் பொருள் ஒரு கட்டத்தில் மாறா வேகத்தை அடைந்துவிடும் என்றெல்லாம் எழுதினார். கவண்கல்லுக்கும் அம்புக்கும் இத்தடை சிறிது. வெடிமருந்தால் பாயும் குண்டுக்கோ அது பாதையையே திரித்துவிடும் என்றார். அத்திரிபின் அளவை மட்டும் அவர் குறைத்தே மதிப்பிட்டார். 1742இல் ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ் கனத்த மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு வேகத்தை அளந்தபோது, விரைந்து செல்லும் குண்டின்மீது காற்றின் தடை அதன் எடையைப்போல் பல மடங்கு என்பது வெளிப்பட்டது. பொருளைக் கீழே இழுக்கும் எடைக்குக் காரணம் யாது என்ற வினாவையும் கலிலியோ ஒதுக்கி வைத்தார். அது 1687இல் நியூட்டனின் ஈர்ப்பு விதியில் விடை பெற்றது. காற்றே இல்லாத நிலவில், 1971 ஆகஸ்டு 2ஆம் நாள், விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியையும் ஓர் இறகையும் ஒருசேர விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இறுதி நாள்கள்

பார்வையிழந்த முதியவருக்கு விவியானி என்ற இளைஞரும், பின்னர் தொரிச்செல்லியும் கண்களாக இருந்தனர். அக்காலத்தில் இத்தாலிக்கு வந்த ஆங்கிலக் கவிஞர் மில்டன் அவரைக் கண்டு சென்றார். பின்னாளில் தாமும் பார்வையிழந்த அக்கவிஞர், 1667இல் வெளியான தம் பெருங்காப்பியத்தில் கலிலியோவைப் பெயர் சுட்டியே பாடினார்.

1642 ஜனவரி 8ஆம் நாள் கலிலியோ அர்செத்ரியில் உயிர் நீத்தார். சாந்தா குரோச்சே ஆலயத்தில் அவருக்கு நினைவு மண்டபம் எழுப்ப அரசர் விரும்பினார். போப்பாண்டவர் எட்டாம் அர்பன் இசையவில்லை. மணிக்கூண்டின் அருகே ஒரு சிற்றறையில், பெயர் பொறித்த மண்டபம் ஏதுமின்றி உடல் அடக்கப்பட்டது. 1737இல் உரிய கல்லறைக்கு மாற்றுவதற்காகத் தோண்டியபோது, அவருடனும் விவியானியுடனும் ஒரு பெண்ணின் எலும்புகளும் கிடைத்தன. அவை மகள் மரியா செலஸ்தேயின் எலும்புகள் என்றே நம்பப்படுகிறது. மூவரும் இன்று ஒரே கல்லறையில் உள்ளனர்.

1992ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கலிலியோவுக்குத் தீர்ப்பளித்தோர் பிழை செய்தனர் என்பதை ஏற்றார். அந்த ஒப்புதலுக்காக எறிகல் காத்திருக்கவில்லை. முன்னூற்றைம்பது ஆண்டுகளாகப் பள்ளிச் சிறுவர்கள் அவர் காட்டிய வளைகோட்டையே வரைந்து பழகி வந்திருக்கிறார்கள். சொந்த மண்ணில் அச்சிட இடமின்றி, எழுதியவர் கண்ணாலும் காணப்பெறாமல் வெளிவந்த ஒரு நூல், தன் உண்மையின் வலிமை ஒன்றாலேயே உலகெங்கும் சென்று சேர்ந்தது.